எந்த நோய்க்கு ஊசி?

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் உடம்பு வலிக்குப் பஞ்சமே இல்லை. சிப்காட் தொழிற்சாலைகளில் நின்றும் குனிந்தும் சுமை தூக்கியும் நைட் ஷிப்ட் முடித்தவர், காலையில் ரயிலுக்கு நிற்கும்போது ஒரு கை இடுப்பில்தான் இருக்கும். வலி மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகிப்போன அவரிடம் கூட வேலை செய்பவர் சொல்வார்: "அக்குபங்சர் பண்ணிப் பாருண்ணே, எனக்கு அதுலதான் கேட்டுச்சு."

உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் வேலை செய்யுமா என்று பொதுவாகக் கேட்டால் ஒருவர் எல்லாம் தீரும் என்பார், இன்னொருவர் எல்லாம் ஏமாற்று என்பார். எந்த நோய்க்கு என்று சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் கிடைக்கும்.

நாள்பட்ட வலிக்கு ஓரளவு பலன் உண்டு. முதுகு, கழுத்து, தோள்பட்டை வலி, மூட்டுத் தேய்மானம், தலைவலி ஆகியவற்றைப் பற்றிய 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து அலசிய முடிவு 2018இல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. அந்தப் பலனில் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்தும் நீடித்தது. ஒற்றைத் தலைவலி பற்றி 2016இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது. ஊசி போடாதவர்களில் 100க்கு 17 பேருக்குத் தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. போட்டுக்கொண்டவர்களில் 41 பேருக்குக் குறைந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலுக்கும் ஆதாரம் உண்டு. உள்ளங்கை முடியும் மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கிறது இதற்கான புள்ளி. அங்கே ஊசி போட்டாலும், விரலால் அழுத்தினாலும் குமட்டல் குறைவதை 59 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் பிரிவுக்கு அக்குபங்சர் நூல்கள் சொல்லும் புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவுக்குப் புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. அதாவது, இடம் மாறிப் போட்ட ஊசியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கேட்டது! மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சரியான புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிகிறது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. பலனில் பெரும்பங்கு ஊசி குத்தும் உணர்வுக்கும், ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்துக்கும், ஒருவர் அக்கறையாக விசாரித்துத் தொட்டுப் பார்ப்பதற்கும், குணமாகும் என்ற நம்பிக்கைக்கும் சேர வேண்டும். வலியின் அளவைத் தீர்மானிப்பது மூளை. அதனால் இவை எல்லாம் வலியை நிஜமாகவே குறைக்கின்றன.

ஆனால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை நம்பிக்கைக்குக் கட்டுப்படாது. அடைத்துக்கொண்ட இதயக் குழாயும், புற்றுநோய்க் கட்டியும் அப்படித்தான். கருத்தரிப்பிலும் இதைப் பார்க்கலாம். செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்ட 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. நிஜ ஊசி போட்டவர்களில் 18.3 சதவீதம் பேருக்கும் போலி ஊசி போட்டவர்களில் 17.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பலன் இல்லை என்பதே இதன் பொருள்.

நம் நாட்டுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் டாக்டர் பி.கே. பாசு. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த அலோபதி மருத்துவர் அவர். பின்னாளில் சீனாவில் ஊசி முறையைக் கற்றுவந்து கல்கத்தாவில் சிகிச்சை கொடுத்தார். 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அந்த அங்கீகாரத்தைக் காட்டி, "சுகர் மாத்திரையை நிறுத்துங்கள், பி.பி. மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் பச்சைக் குழந்தையும் இறந்தார்கள். அக்குபங்சர் செய்பவர் ஒருவரும் அந்த வழக்கில் கைதானார். போன உயிர்களை எந்த ஊசியும் திருப்பித் தராது.

ஆகவே, இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். முதலில் டாக்டரிடம் காட்டி, வலி எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி இடது தோளுக்குப் பரவினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, 108ஐ அழையுங்கள். ஊசி போடுபவர் முறையாகப் படித்தவரா என்று விசாரியுங்கள். புது ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரும், கர்ப்பிணியும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில வாரங்கள் போட்டும் வலி குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். உழைத்துச் சம்பாதித்த பணம் வீணாக வேண்டாம்.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாலும், இன்று காலை சாப்பிட வேண்டிய மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.