கையொப்பம் யாருடையது?



குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். வாங்கிய மருந்தை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. நமக்காக யாரோ சோதித்து, ‘கொடுக்கலாம்’ என்று கையொப்பமிட்டிருக்கிறார் என நம்புகிறோம். அந்த வேலையில் இன்று செயற்கை அறிவும் பங்கு பெறத் தொடங்கிவிட்டது. இது தகுமா?

முதலில் ஒரு வரலாறு கேளுங்கள். தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தை அமெரிக்காவில் விற்க 1960 செப்டம்பரில் ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. ஐரோப்பாவில் அது ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் டாக்டர் பிரான்சஸ் கெல்சி அம்மையார். வேலையில் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆகியிருந்தது. ஆதாரம் போதாது என்றார். கம்பெனியார் நெருக்கினார்கள், மேலதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அம்மருந்து நரம்புகளைக் கெடுக்கிறதென்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தைக் கண்டதும், கருவிலுள்ள சிசுவின் கதி என்ன என்று கேட்டார். தக்க பதில் வரவில்லை; அவரும் அசையவில்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அம்மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் உலகில் பல்லாயிரம் குழந்தைகள் ஊனமாய்ப் பிறந்தன. அமெரிக்கா பெரும்பாலும் தப்பியது.

எந்திரம் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. நீரிழிவு நோயாளியின் கண்ணைப் படமெடுத்து, கண் மருத்துவர் பாராமலே நோயைக் கண்டறியும் கருவிக்கு 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. 900 பேரிடம் நடந்த சோதனையில், நோய் இலேசான நிலையைக் கடந்திருந்தோரில் நூற்றுக்கு 87 பேரை அது சரியாகக் கண்டது. கண் மருத்துவர் இல்லாத இடத்தில் இது பேருதவியன்றோ?

ஆனால் மீதி 13 பேர்? ‘இவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்’ என்று முடிவு செய்தது எந்திரமா? இல்லை. நன்மையையும் தீமையையும் சீர்தூக்கி மனிதரே முடிவு செய்தார்கள். அது கணக்கு மட்டுமன்று, மனச்சாட்சியின் காரியம்.

2025 ஜூனில் அதே நிர்வாகம், ‘எல்சா’ என்னும் செயற்கை அறிவுக் கருவியைத் தன் அலுவலருக்கே உதவியாக வைத்துக்கொண்டது. மறு மாதமே, நடவாத ஆராய்ச்சிகளை நடந்தனவாக அது கூறுகிறதென்று அங்கே பணிபுரிவோர் சிலர் சொன்னதாகச் செய்தி வந்தது.

“மனிதரும் தவறுகிறாரே! எந்திரம் களைப்பதில்லை, கைக்கூலி வாங்குவதில்லையே!” எனலாம். மெய்தான். ஆனால் தவறிய மனிதனை அழைத்துக் கணக்குக் கேட்கலாம்; அவன் வெட்கப்படுவான், மனம் வருந்துவான். எந்திரத்திடம் யார் கணக்குக் கேட்பது?

கெல்சி அம்மையார் கண்ட கடிதத்தை எந்திரம் நொடியில் தேடித் தரலாம். அது புத்தியின் வேலை. நெருக்குதலுக்கு அஞ்சாமல் ‘முடியாது’ என்று நிற்பதோ சித்தத்தின் வேலை. முன்னதற்கு எந்திரத்தின் துணையைக் கொள்வோம். பின்னதை அதனிடம் ஒப்படைக்கலாகாது. எந்திரம் சொன்னதென்று வாசியாமல் கையொப்பமிடுகிறவன், உதவியைப் பெறவில்லை. தன் கடமையைக் கைவிட்டான்.

இது அதிகாரிகளுக்கு மட்டுமா? நாமும் எத்தனை காகிதங்களில் வாசியாமல் கையொப்பமிடுகிறோம்! அடுத்த முறை பேனாவை எடுக்கும்போது ஒரு கணம் நின்று கேளுங்கள்: இதற்கு நான் பதில் சொல்வேனா?