சீகிரியாப் போரும் பெயரற்றோர் தியாகமும்

மாத்தளை மாவட்டத்திலே, சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றைக் காண்போர் நெஞ்சில் முதலில் எழுபவன் காசியப்பனே. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய கொடியோன் என்பர் சிலர். ஓவியம் போற்றிய கலையுள்ளத்தினன் என்பர் வேறு சிலர். குபேரனை ஒத்த தெய்வ அரசனாக அவனைக் கண்டார் பேராசிரியர் பரணவிதான. ஆயின், கி.பி. 495 அளவில் அவன்பொருட்டுக் களம் புகுந்தோர் யாவர் என்ற வினா எழுவதேயில்லை.

சூளவம்சம் கூறும் செய்தி சுருக்கமானது. கடல் கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்திருந்த தம்பி முகலன் படையுடன் மீண்டான். காசியப்பன் ஊர்ந்த யானை, எதிரே சதுப்புநிலத்தைக் கண்டு வேறு வழி செல்லத் திரும்பிற்று. அரசன் புறமுதுகிட்டான் எனக் கருதிய சேனை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்து மாண்டான். யானையின் தயக்கத்திற்குக்கூட ஏட்டில் இடமுண்டு. காலாட்படையினன் ஒருவனின் பெயருக்கு இடமில்லை!

அவர்கள் நாட்டுப்பற்றாளர்தாமா? கடல் கடந்து வரும் படையிடமிருந்து நாட்டைக் காப்பதாகக் காசியப்பனின் வீரன் எண்ணியிருக்கலாம். உரிமையுள்ள இளவரசனுக்கு அரசை மீட்டளிப்பதாக முகலனின் வீரன் எண்ணியிருக்கலாம். இருவர் வாயிலும் நாடு என்பது ஒன்றே. எனினும் போர் முடிந்ததும் காசியப்பனுக்குத் துணைநின்றோரை முகலன் தண்டித்தான். நேற்றைய பற்று இன்றைய துரோகமாயிற்று.

தந்தையைக் கொன்றவனுக்காக வாளேந்தியவன் இரங்கத்தக்கவனா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. படைக்கலம் ஏந்தியவன் பொறுப்பினின்றும் முற்றாக விடுபட முடியாது. ஆனால் போரின் நோக்கத்தைச் சீர்தூக்குவது வேறு, மடிந்தவனுக்காக அழுவது வேறு. முன்னையது வரலாற்றாசிரியரின் பணி. பின்னையதற்குத் தாயிடம் எவரும் சான்று கேட்டல் தகாது.

பழந்தமிழர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். ஆநிரைப் பூசலில் வீழ்ந்த சாதாரண மறவனுக்கும் கல் நட்டுப் பெயர் பொறித்தனர். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஆயினும் நடுகல்லும் தன் ஊரானுக்கே நடப்பட்டது; எதிரியின் ஊரானுக்கு அன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

சீகிரியாக் கல் எளியோரை வெறுத்ததுமன்று. கண்ணாடிச் சுவரில் 8ஆம் நூற்றாண்டு தொடக்கம் வந்துபோனோர் பாடல்களைக் கீறிவைத்தனர். அவற்றுள் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அரச குடும்பத்தினர் மட்டுமல்லர், சாதாரண ஆண்களும் பெண்களும் தம் பெயரை அதில் விட்டுச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பாடியது ஓவியப் பெண்களின் எழிலை. உயிரோடிருப்பவர் தம் பெயரைத் தாமே எழுதலாம். மாண்டவர் பெயரைப் பிறர்தாம் எழுதவேண்டும்.

2009 மே மாதத்தில் முடிந்த போரின் பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. ஒரே மாதத்தில் ஒரு சாரார்க்கு வெற்றி விழா, மறு சாரார்க்கு நீத்தார் நினைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரியில் இடிக்கப்பட்டு, அவ்வாண்டே மீண்டும் எழுப்பப்பட்டது. கல்லைக் கண்டு அஞ்சுவோர் உளர் என்பதையே அந்நிகழ்வு காட்டிற்று.

முகலன் செய்த ஒரு செயலைச் சூளவம்சம் மறவாது குறித்துள்ளது. தன் தந்தையைக் கொன்ற அண்ணனின் உடலுக்கு ஈமக்கடன் ஆற்றியவன் அவனே. சதுப்புநிலத்தருகே கிடந்த ஏனையோர்க்கு யார் தீ மூட்டினர் என்பது அந்நூலில் இல்லை.