அஷ்டகிரக அச்சம்

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் கூடுவதால் உலகம் அழியுமெனச் சோதிடர் பலர் உரைத்தனர். நாடெங்கும் அச்சம் பரவிற்று; யாகத் தீயில் நெய் சொரிந்தனர். பிரதமர் நேருவோ நகைத்தார். 6ஆம் நாள் வழக்கம்போல் விடிந்தது.

சொன்னவர் நாணினரோ? யாகமே உலகைக் காத்தது என்றோரும் உளர்! அழிந்தால் சோதிடம் மெய். அழியாவிடில் பரிகாரம் மெய். இத்தகைய சொல்லை எங்ஙனம் சோதிப்பது? ஆலையில் இழை அறுமென்ற மேஸ்திரி, அறாதபோது ‘என் சொல்லே காத்தது’ என்றால் நாம் ஒப்புவோமா?

அன்பர்களே, கணிப்புத் தவறுதலை நாம் குற்றமென்னோம். மழை கணிப்போரும் தவறுவர். தவறியதை ஒப்பாமையே குற்றம். அஞ்சி யாகத்திற்குக் காசளித்த ஏழைக்கு அதனைத் திருப்பித் தருவார் யார்?