மறைவில் பதிந்த சொல்லும் வாய்மை விரதமும்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கின்றனர். குழந்தை யாரிடம் வளர்வது என்பது வழக்கு. தொலைபேசியில் ஒருவர் சினந்து பேசியதை, அவர் அறியாதவாறு மற்றவர் பதிந்து வைத்து நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கிறார். பதிவில் உள்ளது கட்டிய பொய் அன்று. பேசியவர் வாயிலிருந்தே வந்த சொல். அவ்வாறாயின் அதனை வெளியிடுவது வாய்மையாகுமா? வாய்மை விரதத்திற்கு இழுக்காகுமா? இல்லறத்தில் நின்று அணுவிரதம் காக்க முயலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

விருதுநகர் மாவட்டம் போன்ற தொழிற்பகுதிகளில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுப் பொருள்களும் நாடெங்கும் செல்கின்றன. அவற்றை விற்கவும் நிலுவையை வசூலிக்கவும் வெளிமாநிலங்களில் பல நாள் தங்கும் குடும்பத் தலைவர்கள் உண்டு. இத்தகைய இல்லங்களைப் பிணைத்து நிற்பது கைப்பேசி. பிணக்கு முற்றிய பின்னரும் தந்தை மகளின் குரலைக் கேட்பது அதன் வழியாகத்தான். அக்கருவியே ஒற்றனாக மாறுமாயின், குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே எஞ்சியுள்ள ஒரே பாலமும் இடிந்து போகும்.

முதலில் சட்டத்தின் நிலையை அறிவோம். ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்பதை, கையூட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டிலேயே உறுதி செய்தது. குரல் இன்னாருடையது என்று தெளிவாக வேண்டும். பதிவு திருத்தப்படாததாக இருத்தல் வேண்டும். வழக்கிற்குத் தொடர்புடையதாகவும் அமைதல் வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 14ஆம் பிரிவில் இன்னும் தாராளமான வழியைத் திறந்தது. பிணக்கைத் தீர்க்க உதவும் எனக் கருதினால், பொதுவான சான்றுச் சட்டப்படி ஏற்கத் தகாததையும் அந்நீதிமன்றம் ஏற்கலாம்.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் இரு கருத்துகள் எழுந்தன. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த மணமுறிவு வழக்கொன்றில், மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களைக் கணவர் அவர் அறியாமல் பெற்று அளித்திருந்தார். 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், துணைவரின் அந்தரங்கத்தில் நுழைந்து பெற்ற சான்றை ஏற்க இயலாது என்றார். நம்பிக்கையே இல்வாழ்வின் அடித்தளம் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

அடுத்த ஆண்டு, 2025 ஜூலை 14 அன்று, பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய மற்றொரு மணமுறிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. மனைவியின் பேச்சைக் கணவர் மறைவாகப் பதிந்திருந்தார். நீதிபதிகள் நாகரத்னாவும் சதீஷ் சந்திர சர்மாவும் அடங்கிய அமர்வு அதனைச் சான்றாக அனுமதித்தது. கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த பேச்சுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அவ்விருவருமே எதிரெதிரே நிற்கும் வழக்குக்குப் பொருந்தாது என்பது காரணம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதெனில், அது மணவாழ்வு முன்னரே முறிந்துவிட்டதன் அறிகுறி என்றும் அமர்வு கருதியது.

ஆகவே சட்டத்தின் கதவு பெரிதும் திறந்துள்ளது. எனினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஏற்கத்தக்க சான்று அனைத்தும் நம்பத்தக்க சான்று ஆகிவிடாது. மேலும், அவ்விரண்டும் மணமுறிவு வழக்குகள். மணமுறிவில் எழும் வினா, யார் யாருக்குத் தீங்கிழைத்தார் என்பது. குழந்தை வழக்கில் எழும் வினா அதுவன்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் ஜைனர்களுக்கும் உரியது. குழந்தையின் நலனே தலையாயது என அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. மனைவியிடம் கடுஞ்சொல் பேசியவர் நல்ல தந்தையாக இருக்கலாம். கணவனிடம் சீறியவர் நல்ல தாயாக இருக்கலாம்.

குழந்தையையே பதிவுக் கருவி ஆக்கினால் விளைவது என்ன என்பதை 2016ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு ஒன்று காட்டிற்று. ஒரு தந்தையும் அவருடைய துணைவியும் சிறுமியின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தைத்து அனுப்பினர். சமூகப் பணியாளரிடம் அவள் பேசுவதை அறிவதே நோக்கம். பதிவுகளின் எழுத்துப்படி நூறு பக்கங்களுக்கு மேல் நீண்டது. நீதிபதி பீட்டர் ஜாக்சன், இத்தகைய செயல் அனேகமாக எப்போதுமே தவறு என்று கூறி, அதுகாறும் தந்தையிடம் வளர்ந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். வழக்கை வெல்வதற்காகச் சேர்த்ததே அவருக்கு எதிரான சான்றாயிற்று.

இனி அறநூலை நோக்குவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். தவறான நெறி உபதேசித்தல், மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்தல், பொய் ஆவணம் புனைதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த இரகசியத்தை வெளியிடல் என்பன அவை. இரண்டாவதன் பெயர் ரகோப்யாக்கியானம். ஆணும் பெண்ணும் தனிமையில் இருந்தபோது நிகழ்ந்ததை வெளியிடுவது என உரையாசிரியர் பூஜ்யபாதர் இதற்குப் பொருள் காண்கிறார். இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. வெளியிடப்படும் செய்தி மெய்யானதே. ஆயினும் அது வாய்மை விரதத்தின் குற்றமாகவே எண்ணப்பட்டுள்ளது. உயிருக்குத் துன்பம் விளைப்பது, உள்ளதைக் கூறினும் இல்லதைக் கூறினும் அசத்தியமே என்பது அவ்வுரையின் தெளிவு. பதிவை வெட்டியும் ஒட்டியும் அளிப்பவரோ மூன்றாம் குற்றத்திற்கும் ஆளாகிறார்.

அநேகாந்தமும் இங்கே வழிகாட்டும். பதிவு செய்பவர் தாம் கேட்கப்படுவதை அறிந்து அளந்து பேசுகிறார். சினமூட்டும் வினாவை அமைதியான குரலில் தொடுக்கிறார். மற்றவரோ ஏதும் அறியாது வெடிக்கிறார். ஒலி மெய், எனினும் அது ஒரு கோணத்து மெய். பத்து ஆண்டு இல்வாழ்வைப் பத்து நிமிடப் பதிவால் அளப்பது யானையின் வாலைப் பற்றி யானையை உரைப்பதாகும்.

அவ்வாறாயின் எந்நிலையிலும் பதிவு கூடாதா? அங்ஙனம் கூறுதல் ஏகாந்தமாகிவிடும். குழந்தையை அடிப்பதாகவோ கடத்திச் செல்வதாகவோ ஒருவர் மிரட்டுகிறார். வேறு சாட்சி இல்லை. அந்நிலையில் வாளாவிருப்பதே இம்சைக்குத் துணைபோவதாகும். பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறது சூத்திரம். ஆகவே கருவியை அழுத்தும் முன் நம் உள்ளத்தைச் சோதிக்க வேண்டும். இப்பதிவு குழந்தையைக் காக்கவா, துணைவரை வீழ்த்தவா? இதனை வெளிப்படையாகக் கேட்டறிய வேறு வழி இல்லையா? இக்குழந்தை வளர்ந்து ஒருநாள் இதனைக் கேட்டால், நம்மை நன்றியோடு நினைக்குமா? மூன்றுக்கும் தூய விடை கிடைப்பின் பதிவை நீதிபதியிடம் மட்டும் அளிக்கலாம், உறவினரிடையே பரப்பலாகாது. கிடைக்கவில்லையெனில் கையை எடுத்துவிடுதலே விரதம்.

பட்டாசுத் தொழிலில் ஒரு விதி உண்டு. அன்று கலந்த மருந்தில் மீதத்தை மறுநாளுக்கு வைத்திருத்தல் கூடாது. அன்றே அழித்துவிட வேண்டும். மீந்த கலவையால் நேர்ந்த விபத்துகளைச் சிவகாசி கண்டிருக்கிறது. சினத்தில் பிறந்த சொல்லும் அத்தகையதே. அதனைச் சேமித்து வைக்கும் இல்லத்தில் குழந்தையும் உறங்குகிறது என்பதை மறவாதிருப்போமாக.

பிரிந்து வாழ நேர்ந்த பெற்றோர் குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகரையும் சமரச முயற்சியையும் முதலில் நாடுக. தக்க வயதடைந்த குழந்தையின் விருப்பத்தைக் கேட்டறிய 1890ஆம் ஆண்டுச் சட்டமே நீதிபதிக்கு இடம் தருகிறது. குழந்தை தன் வாயால் கூறட்டும். அதன் சொல்லை நாம் திருட வேண்டா.