மாத்திரைக்கும் ஒரு நேரம் உண்டு

"காலையில மாத்திரை போட்டா கொஞ்ச நேரத்துல கை கால் வசத்துக்கு வருது. அதே மாத்திரை மதியம் வேலையே செய்யறதில்ல." பார்க்கின்சன் நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி சொல்லும் குறை இது. மருந்துக்கடையில் போலி கொடுத்துவிட்டார்களோ, நோய் முற்றிவிட்டதோ என்று மனம் எங்கெங்கோ போகும். பல சமயம் காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. தட்டில் இருந்த பருப்பும் முட்டையும் மீனும் மாத்திரையின் வழியை மறித்திருக்கும். எப்படி என்று புரிய, இந்த நோயில் மூளை எதை இழக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டைப் பொத்தானைப் போடும்போது எந்த விரல் முதலில் நகர வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை. நடக்கும்போது கை தானாக வீசுகிறது. யோசிக்காமலே நடக்கும் இத்தகைய வேலைகளுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் செல்கள் அதைச் சுரக்கின்றன. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அதனால் அசைவு மெதுவாகிறது, உடல் விறைக்கிறது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது, ஒரு பக்கத்துக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. பலருக்கு, மடியில் சும்மா இருக்கும் கை நடுங்குகிறது. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை வைத்து இதை விவரித்தார். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். ஆனால் நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு; மந்தம்தான் நோயின் மையம்.

இழந்த டோபமைனை ஈடுசெய்ய முடியும் என்பது 1957இல் ஸ்வீடனில் தெரியவந்தது. சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தால் அவை அசையாமல் கிடந்தன. அவற்றுக்கு லெவோடோபா என்ற பொருளைச் செலுத்தினார் அர்விட் கார்ல்சன்; முயல்கள் எழுந்து நடமாடின. இந்தத் திசையில் செய்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்துப் பலன் கண்டார். இன்றும் இந்த நோய்க்கு லெவோடோபாவை விஞ்சிய மாத்திரை கிடையாது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. மேலே பட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் காயை நாட்டுப்புறத்தில் அறியாதவர் குறைவு. அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் வெளியிட்டார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

டோபமைனையே ஏன் மாத்திரையாகக் கொடுப்பதில்லை? ரத்தத்தில் வருவதையெல்லாம் மூளை உள்ளே விடாது. ரத்தக் குழாய்களின் சுவரே அங்கு காவல் நிற்கிறது. டோபமைனுக்கு அனுமதி இல்லை. அதன் முன்வடிவமான லெவோடோபாவுக்கு உண்டு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கென்று உள்ள வாசலில் அதுவும் நுழைகிறது. உள்ளே போனபின் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் காக்க கார்பிடோபா என்ற துணைமருந்தும் அதே மாத்திரையில் சேர்ந்திருக்கும். குமட்டலைக் குறைப்பதும் அதுதான்.

மதிய மாத்திரையின் சிக்கல் இந்த வாசலில்தான். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஒரு வாசல், ரத்தத்திலிருந்து மூளைக்குப் போக இன்னொன்று. இரண்டிலும் புரத உணவின் அமினோ அமிலங்கள் முண்டியடிக்கின்றன, மருந்து பின்தங்கிவிடுகிறது. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் புரதம் அதிகமில்லாத பிஸ்கட்டோ பழமோ போதும். பருப்பையும் மீனையும் நிறுத்திவிடக் கூடாது, உடல் இளைத்துவிடும். மருந்தின் நேரத்தைத் தள்ளிப் பாருங்கள். அதுவும் போதாதவர்களுக்கு, புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றச் சொல்வதுண்டு. இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தொடக்க ஆண்டுகளில் மருந்து நாள் முழுதும் தாங்கும். நோய் வளர வளர ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரை தாங்காது. சிலருக்கு மருந்தின் உச்சத்தில் உடல் தன்னிச்சையாக நெளியும். அளவையும் இடைவெளியையும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டிய கட்டம் அது. சட்டென்று மருந்தை நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனைக்காலிப் பொடியைத் தாமாகச் சேர்ப்பவர்களும் உண்டு. 2004இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் எட்டு நோயாளிகளுக்கு அந்தப் பொடி வழக்கமான மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது உண்மை. ஆனால் கடைப்பொடியில் லெவோடோபா எவ்வளவு என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். பொடியோடு மாத்திரையும் சேர்ந்தால் அளவு மிஞ்சும்.

இதுவரை பார்த்தது மாத்திரையின் கடிகாரம். நோய்க்கும் ஒரு கடிகாரம் உண்டு. அது நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து செல்களுக்குள் கட்டியாகச் சேர்வது 1997இல் தெளிவானது. 2003இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹெய்கோ பிராக், இந்தக் கட்டிகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் மோப்ப நரம்புப் பகுதியிலும் தொடங்கி மேலேறலாம் என்றார். எல்லா நோயாளிகளிடமும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், கனவில் கண்டதற்கேற்பக் கத்திக் கை கால் உதைப்பது ஆகியவை முன்பே வருவதற்கு இது விளக்கம் தருகிறது. இவற்றில் கனமானது உறக்கக் குறி. தூக்கப் பரிசோதனையில் அந்தக் கோளாறு உறுதியானவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், 12 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவு நோயோ வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. மலச்சிக்கல் மட்டும் உள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு நூறு காரணம் உண்டு.

பாலில் ஒரு துளி உறைமோர் விட்டால் மொத்தமும் தயிராகிறது. தவறாக மடிந்த புரதமும் அப்படித்தான், நல்ல புரதத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றும். இதையே சோதனையாக்கினார்கள். தண்டுவட நீரை நல்ல புரதத்தோடு கலந்து உறைகிறதா என்று பார்ப்பது. 1,100 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2023இல் வெளிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 விழுக்காட்டினரை அது சரியாகக் காட்டியது. முன்கூட்டிக் கண்டுபிடித்தபின் தடுக்க மருந்து வேண்டுமே? நீரிழிவு மருந்தான லிக்சிசெனடைடு 2024இல் சிறு பலன் காட்டியது. அதே குடும்பத்து எக்செனடைடு, 2025இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தரவில்லை. நோயின் ஓட்டத்தை நிறுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

உடற்பயிற்சி கையில் இருக்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தொடக்கநிலை நோயாளிகள் 128 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதம் டிரெட்மில்லில் மூச்சு வாங்க நடந்தவர்களுக்கு அசைவுக் குறைபாடு ஏறக்குறைய கூடவில்லை. வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் கூடியது. இதயப் பரிசோதனை செய்துகொண்டு, துணைக்கு ஒருவரோடு வேகமாக நடப்பது நல்லது.

வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. நோய் இல்லாதவருக்கே நடுக்கம் வரவழைக்கக்கூடியவை. அங்கேயும் லெவோடோபா வழக்கமான நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்முன் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், உடல் இளகிய நேரம், மீண்டும் விறைத்த நேரம். அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.