பகைவனின் இரக்கமும் படைஞனின் கடமையும்

போர் எக்காலத்தும் மனிதனைத் தொடர்ந்து வந்துள்ளது. போருக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற எண்ணமும் அவ்வாறே தொடர்ந்து வந்துள்ளது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றிய புறநானூற்றுப் பாடலொன்று, போர் தொடங்குமுன் பசுக்கள், பெண்கள், நோயாளர் முதலியோரைப் பாதுகாப்பான இடம் சேருமாறு எச்சரிக்கும் முறைமையை அவனது சிறப்பாகக் கூறுகின்றது. யாரைத் தாக்கலாகாது என்ற வினாவிற்கு இதிலிருந்து பெறத்தக்க விடை தெளிவானது: போர் செய்யாதோரைத் தாக்கலாகாது. ஆனால், இவ்விடையால் தீராத வினா ஒன்று உண்டு. ஆயுதம் ஏந்திய பகைவனே, தன்னால் வீழ்த்தப்பட்டவர்களைக் காப்பாற்ற முனையும் வேளையில், அவனைத் தாக்குவது அறமாகுமா? இரண்டாவது உலக யுத்தத்தின்போது அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஒரு சிறு தீவிலிருந்த விமானத்தளம் இவ்வினாவை நேரே எதிர்கொண்டது. அன்று அத்தளம் அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆபிரிக்காவுக்கும் பிறேசிலுக்கும் இடையில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ளது அசென்சன் என்னும் எரிமலைத் தீவு. பிரித்தானியருக்கு உரிய இத்தீவில் 1942ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியற் படையினர் ஓடுபாதையொன்றை அமைத்தனர். அமெரிக்காவிலிருந்து ஆபிரிக்காவுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் விமானங்கள் அங்கு எரிபொருள் பெற்றன. சுற்றுக்கடலில் நடமாடும் ஜேர்மனிய நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்களும் அங்கிருந்து எழுந்தன. அத்தீவில் பெருந்தொகையாக முட்டையிடும் ஆலாப் பறவைகளை, அவற்றின் குரலைக் கொண்டு, ‘வைட்அவேக்’ என்பர். முற்றும் விழித்திருத்தல் என்பது அச்சொல்லின் பொருள். தளமும் அப்பெயரையே பெற்றது.

1942 செப்டெம்பர் 12ஆந் திகதி இரவு, மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பாலுள்ள கடலில், ‘லக்கோனியா’ என்னும் பிரித்தானியக் கப்பலை ‘யு-156’ என்னும் ஜேர்மனிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. லக்கோனியா பீரங்கி பொருத்தப்பட்டது. படையினரையும் ஏற்றிச் சென்றது. ஆகவே போர் வழக்கின்படி தாக்கத்தக்க இலக்கே. ஆனால் அதிற் சென்ற 2,700 பேரளவினருள் ஏறக்குறைய 1,800 பேர், ஜேர்மனியின் நட்பு நாட்டினரான இத்தாலியப் போர்க்கைதிகள். பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். நீரில் தத்தளிப்போரின் குரல்களில் இத்தாலிய மொழியைக் கேட்ட நீர்மூழ்கித் தளபதி வேர்னர் ஹார்ட்டென்ஸ்ரைன் மீட்புப் பணியைத் தொடங்கினார். நட்பு நாட்டினரை எண்ணியே அவர் தொடங்கினார் எனக் கொண்டாலும், ஏற்றும்போது இத்தாலியர், பிரித்தானியர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. மறுநாள் அவர் தாம் இருக்குமிடத்தை மறைமொழியின்றி ஆங்கிலத்திலேயே வானொலியில் அறிவித்தார்; தம்மைத் தாக்காதவரை, உதவிக்கு வரும் எக்கப்பலையும் தாமும் தாக்கப்போவதில்லை என்றார். மறைந்திருப்பதையே தன் பாதுகாப்பாகக் கொண்ட நீர்மூழ்கி தன் இருப்பிடத்தைப் பகைவருக்கு வெளிப்படையாகக் கூறியமை அரிதினும் அரிது. மேலும் இரண்டு ஜேர்மனிய நீர்மூழ்கிகளும் ஓர் இத்தாலிய நீர்மூழ்கியும் இப்பணிக்கு அனுப்பப்பட்டன. மேற்கு ஆபிரிக்கத் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களும் புறப்பட்டன.

16ஆந் திகதி முற்பகல், அசென்சனிலிருந்து வந்த ‘லிபறேற்றர்’ விமானம் யு-156ஐக் கண்டது. நீர்மூழ்கியின் மேற்றட்டிற் செஞ்சிலுவைக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. மீட்கப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். ஆட்கள் நிறைந்த நான்கு உயிர்காப்புப் படகுகள் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தன. விமானி ஜேம்ஸ் ஹார்டன் உடனே தாக்கவில்லை. விலகிச் சென்று, செய்யவேண்டியது யாதெனத் தளத்தை வினவினார். அங்கு பொறுப்பாயிருந்த றொபேட் றிச்சாட்சன், நீர்மூழ்கியை மூழ்கடிக்குமாறு பணித்தார். விமானம் திரும்பி வந்து குண்டு வீசியது. படகுகளிடையே வீழ்ந்த குண்டினாற் பலர் மாண்டனர். சேதமுற்ற நீர்மூழ்கி, தான் ஏற்றியிருந்தோரைக் கடலில் இறக்கிவிட்டு மூழ்கித் தப்பியது. மறுநாள், ஏறக்குறைய 140 பேரை ஏற்றியிருந்த யு-506உம் தாக்கப்பட்டது; அதுவும் தப்பியது. பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து பலரை மீட்டபோதிலும், இறுதியில் உயிர் பிழைத்தோர் சுமார் 1,100 பேரே. 68 பேருடன் அலைந்த ஒரு படகு 27 நாட்களின் பின் ஆபிரிக்கக் கரையை அடைந்தபோது, அதில் 16 பேரே எஞ்சியிருந்தனர்.

தளத்தின் செயலுக்கு ஆதரவாகக் கூறத்தக்கவை இல்லாமலில்லை. ஹார்ட்டென்ஸ்ரைனின் அறிவிப்பைப் பிரித்தானியர் ஒரு சூழ்ச்சியோ என ஐயுற்றனர். அது அசென்சனுக்கு முறையாக அறிவிக்கப்படவில்லை. புதிதாக அமைந்த தளத்தை நீர்மூழ்கி கண்டறிந்து தாக்கக்கூடும் என்ற அச்சம் அங்கிருந்தது. செஞ்சிலுவைக் கொடியை விரித்தமையால் மட்டும் ஒரு போர்க்கலம் மருத்துவக் கப்பலாகிவிடாது. எல்லாவற்றிலும் வலிமையான வாதம் வேறொன்றாகும்: இன்று தப்பவிடப்படும் நீர்மூழ்கி நாளை வேறொரு கப்பலை மூழ்கடிக்கும். உண்மையில் யு-156 மூன்று நாட்களின் பின், 19ஆந் திகதி, மற்றொரு பிரித்தானியக் கப்பலை மூழ்கடித்தது. எனவே, படகுகளில் இருந்தோரின் உயிர்களை ஒரு தட்டிலும், நாளை மாளக்கூடியோரின் உயிர்களை மறு தட்டிலும் இட்டு நிறுத்தால், தளத்தின் கட்டளை சரியே எனப் பயன்வழி ஆராய்வோர் கூறலாம்.

இவ்வாதத்தின் வன்மையையும் குறையையும் அறிய, எமது சமுத்திரத்தில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்குதல் தகும். 1944 பெப்ரவரி 12ஆந் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்னும் கப்பலை மாலைதீவுக்கு அருகில் யப்பானிய நீர்மூழ்கி ஐ-27 மூழ்கடித்தது. 1,200க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் தாதியர் பலர். உயிர் தப்பியோர் நீந்திக்கொண்டிருந்த இடத்திற்குக் கீழேயே நீர்மூழ்கி மறைந்திருந்தது. பிரித்தானியப் போர்க்கப்பல், தன்னவர் நீந்திய அவ்விடத்திலேயே ஆழ்வெடிகளை இட்டது. கொடிய செயலே, ஆயினும் அங்கே நீர்மூழ்கி இன்னும் போர் செய்துகொண்டிருந்தது, எஞ்சிய கப்பல்களுக்கு அடுத்த கணமே ஆபத்து நேரக்கூடியதாயிருந்தது, முடிவெடுத்தவர் அக்காட்சியைத் தம் கண்களாற் கண்டே முடிவெடுத்தார். அசென்சனில் இவை எவையும் இல்லை. யு-156 அவ்வேளை போர் செய்யவில்லை, கொடியும் படகுகளும் ஆட்களும் வானிலிருந்து தெரிந்தன, முடிவெடுத்தவரோ தொலைவிலிருந்தார்.

பயன்வழி வாதம் எண்ண மறந்த ஒன்றும் உண்டு, அதுதான் நம்பிக்கை. ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், நிரந்தர சமாதானத்தைப் பற்றி 1795இல் எழுதிய நூலில், பின்னொரு காலத்துச் சமாதானத்திற்கு வேண்டிய பரஸ்பர நம்பிக்கையையே இயலாததாக்கும் செயல்களை எந்த நாடும் போரிற் செய்யலாகாது என விதித்தார். போரின் நடுவிலும் பகைவனது சொல்லில் ஏதோ ஓரளவு நம்பிக்கை எஞ்சியிருத்தல் வேண்டும். அன்றேல் போர் அழித்தொழிப்பாகவே முடியும் என்பது அவர் கருத்து. அசென்சன் குண்டுகள் அழித்தது இந்த எச்சத்தையே. செப்டெம்பர் 17ஆந் திகதி, ஜேர்மனிய நீர்மூழ்கிப் படைத் தளபதி டொனிற்ஸ், மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் மாந்தரை மீட்டலும், அவர்களுக்கு உணவும் நீரும் அளித்தலும் கூடாதெனக் கட்டளையிட்டார். இரக்கத்தைத் தடைசெய்ய அவருக்குக் கிடைத்த நியாயம், இரக்கம் காட்டியவன்மீது வீசப்பட்ட குண்டே. அக்கட்டளையின் கொடுமைக்கு அவரே பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. பிறர் செய்த பிழை நம் பிழையை நியாயமாக்காது. ஆயினும், நியூரெம்பேர்க் நீதிமன்றம் 1946இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தபோது, நீர்மூழ்கிப் போர்ச் சட்டத்தை மீறியமையைத் தண்டனையின் அளவுக்குக் காரணமாகக் கொள்ளவில்லை. பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் யுத்தத்தின் முதல் நாளிலிருந்தே வரையறையற்ற போரை நடத்தின என அமெரிக்கக் கடற்படைத் தளபதி நிமிற்ஸ் அளித்த சாட்சியமும் அதற்கு ஒரு காரணமாயிற்று. இருதரப்பும் இழந்துவிட்ட வரம்பை ஒரு தரப்பின்மேல் மட்டும் சுமத்த நீதிமன்றத்தால் இயலவில்லை.

இனி, அன்றைய தவறு யாருடையது? கண்டவர் விமானி, அவர் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தவர் அதிகாரி, அவர் காணவில்லை. கட்டளையிட்டவர் அறிக்கையை நம்பியும், குண்டு வீசியவர் கட்டளையை நம்பியும் செயற்பட்டனர். இவ்விருவருக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் படகுகளில் இருந்தோர் மாண்டனர். படையொன்றிற்குக் கீழ்ப்படிதல் இன்றியமையாதது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், கண்டவனுக்கு ஒரு கடமை உண்டு. அது காணாதவனிடம் தன் மனச்சாட்சியை ஒப்படைத்து விடுவதோடு நிறைவுறாது. கண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லவும், இவ்விடத்தில் இது தகாது எனக் கூறவும் அவனுக்கு உரிமை உண்டு. விமானி முதலில் தயங்கியமை அவரது உள்ளம் இதனை உணர்ந்ததற்குச் சான்று. அத்தயக்கம் ஒரு சொல்லாக உருப்பெற்றிருப்பின், நீர்மூழ்கி அன்று தப்பியதைவிட அதிகமாக எதுவும் இழக்கப்பட்டிராது. குண்டு வீசப்பட்டும் அது தப்பியே சென்றது.

ஹார்ட்டென்ஸ்ரைனும் அவரது நீர்மூழ்கியினர் அனைவரும் 1943 மார்ச் 8ஆந் திகதி பார்படோசுக்கு அருகில் அமெரிக்க விமானமொன்றினால் அழிக்கப்பட்டனர். அன்று அவர்கள் மீட்புப் பணியில் ஈடுபட்டிருக்கவில்லை. அத்தாக்குதலைப் போர் அறம் குறைகூறாது. அதே கலம், அதே மாந்தர். ஆயினும் இரு தாக்குதல்களும் ஒன்றல்ல. ஒருவன் யாவன் என்பதை மட்டுமன்றி, அக்கணத்தில் அவன் யாது செய்கின்றான் என்பதையும் நோக்கியே அறம் தீர்ப்பளிக்கின்றது. 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டிற் பயிலும் எமக்கு, பகைவனை அவன் பெயரால் மட்டும் அறியும் பழக்கம் எவ்வளவு எளிதில் வந்தமைகின்றது என்பது புதிதன்று. காப்பாற்ற நீளும் கையை, அது எவருடையதாயினும், வெட்டாது விடுதல் வெற்றிக்கு உதவாமற் போகலாம். ஆனால் போர் முடிந்த பின்னர் இரு சாராரும் மீண்டும் பேசுதற்கு அதுவே உதவும்.