பெற்றோர் பட்ட துயரம் பிள்ளையைச் சேருமா?

1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 7, சனிக்கிழமை. பெங்களூரில் வீனஸ் சர்க்கஸின் பகல் காட்சியின்போது கூடாரம் தீப்பற்றியது. தொண்ணூறு பேருக்கும் மேல் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். பின்னர், அந்நகரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உற்றாரை இழந்த குடும்பத்தினரின் துயரத்தை ஆராய்ந்தனர். பேரிடரில் இறந்தோரை எண்ணுவதோடும் காயமுற்றோருக்கு மருந்திடுவதோடும் கடமை முடிந்தது என்று கருதப்பட்ட காலம் அது. உள்ளத்திற்கு நேர்ந்ததையும் விசாரிக்க வேண்டும் என்று நம் நாட்டில் எழுந்த தொடக்க கால முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

அன்று எட்டு வயதில் அக்கூடாரத்திலிருந்து உயிர் தப்பிய ஒரு குழந்தையைக் கற்பனை செய்து பார்க்கலாம். இன்று அவருக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். தேர்த் திருவிழாவிற்குப் பிள்ளைகளை அனுப்ப அவருக்கு மனம் வராது. திரையரங்கிற்குச் சென்றால் வாயிலை ஒட்டிய இருக்கையையே தேடுவார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். பிள்ளைகளுக்கு எட்டுவது அச்சம் மட்டுமே. அதன் பின்னே உள்ள கதை எட்டுவதில்லை. நாளை அவர்களும் தம் குழந்தைகளைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். தீயையே காணாதவர் தீக்கு அஞ்சுகிறார். இந்த அச்சம் யாருடையது?

நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பின்னரும் இத்தகைய இடங்களுக்குச் செல்ல நேர்ந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபின், அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்தனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது தமிழகக் கடலோரத்திலும் பணியாற்றினர். இலங்கையில் நீண்ட போரைக் கண்ட யாழ்ப்பாண மருத்துவர்கள் இவ்வகைத் துன்பத்திற்கு ‘மனவடு’ என்று அழகிய தமிழ்ச் சொல் ஒன்றை வழங்கினர். புண் வேறு, வடு வேறு என்பதை வள்ளுவரை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவம் கற்பித்த தயா சோமசுந்தரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வடு தனியொருவரின் மனத்தில் மட்டும் இருப்பதன்று, குடும்பத்திலும் ஊரிலும் படிவது என்று எழுதினார். தாய் எப்போதும் திடுக்கிட்டு எழும் வீட்டில் குழந்தை நிம்மதியாக உறங்கக் கற்பது எவ்வாறு?

இவ்வாறு படிந்த வடுக்களுள் நம் நாட்டில் மிகப் பெரியது 1947-ஆம் ஆண்டுப் பிரிவினை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து எல்லை கடந்தனர். மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களையும் பிரிவினை விட்டுவைக்கவில்லை. லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் ஏறத்தாழ 450 பேர் 1950-இல் அமிர்தசரசிற்கு அனுப்பப்பட்டனர். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டனர். எந்த நாடு எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களையும் நாடு பார்த்துப் பிரித்தார்கள்! சாதத் ஹசன் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ என்ற சிறுகதை இதைப் பற்றியதே. எழுத்தாளர் கண்டதை மருத்துவ உலகம் காணவில்லை. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் நிம்ஹான்ஸாக உருவெடுத்தது. எனினும் பிரிவினை மக்களின் மனத்தில் விட்டுச் சென்றதைப் பற்றி அக்கால மருத்துவர்கள் எழுதியது மிகக் குறைவு. இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டி, நிம்ஹான்ஸின் சஞ்சீவ் ஜெயினும் தில்லி மருத்துவர் அலோக் சரினும் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டது 2018-இல். இடையில் கழிந்தவை எழுபது ஆண்டுகள்.

துயரம் உடல் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்று ஆராய்வோரும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்கள், பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் சில நோய்களுக்கு மிகுதியாக ஆளாயினர் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. ஹிட்லரின் வதைமுகாம்களில் தப்பியவர்களின் மரபணுக்களிலும், அவர்களுடைய மக்களின் மரபணுக்களிலும் சில வேதியியல் குறிகள் மாறியிருப்பதாக நியூயார்க்கில் ரேச்சல் யெஹுடா குழுவினர் கூறினர். ஆனால் அந்த ஆய்வில் பங்கு பெற்றோர் மிகச் சிலரே. அதை வைத்துக்கொண்டு ‘துயரம் ரத்தத்திலேயே ஓடுகிறது’ என்று முழங்குவது அவசர முடிவு. நடை, பேச்சு, மௌனம் இவற்றின் வழியே பிள்ளை கற்பது கண்ணெதிரே நிகழ்கிறது. அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை.

இங்கே வேதாந்தம் பயின்றவருக்கு ஒரு தடை எழும். அவரவர் வினையின் பயனை அவரவரே அனுபவிக்கிறார் என்பதல்லவா சாஸ்திரம்? செய்யாத வினையின் பயன் ஒருவனை வந்தடைவதை ‘அகிருதாப்யாகமம்’ என்று கூறி, அதை ஒரு குற்றமாகவே நம் ஆசாரியர்கள் தள்ளினர். அப்படியிருக்கத் தந்தையின் துயரம் மகனைச் சேர்வது எப்படி?

வினைப்பயன் கைமாறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஜீவன் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஒரு வீட்டில், ஒரு மொழியில், சிலருடைய அன்பிற்கும் அச்சத்திற்கும் நடுவே பிறக்கிறது. சேர்க்கையால் வாசனை ஏறும் என்பதையும் அதே சாஸ்திரங்கள்தாம் கூறுகின்றன. தந்தையின் வினையை மகன் அனுபவிக்கவில்லை. தந்தையின் மனம் வாசம் செய்த வீட்டில் அவன் வளர்கிறான். அந்த வாசனையை வளர்ப்பதும் தேய்ப்பதும் அவனுடைய சொந்த முயற்சி. அங்கேதான் அவனுடைய வினை தொடங்குகிறது.

இத்தத்துவத்தைப் பிறர் கண்ணீரின்மேல் பிரயோகிப்பது வேறு விஷயம். 1897-இல் கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரசாரகர் ஒருவர் சுவாமி விவேகானந்தரிடம் நன்கொடை கேட்டு வந்தார். மத்திய இந்தியாவில் பஞ்சத்தால் லட்சக்கணக்கானோர் மடிகிறார்களே, அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று சுவாமிஜி கேட்டபோது, அது அம்மக்களின் கர்மபலன் என்று விடை வந்தது. அப்படியானால் பசுவும் தன் கர்மத்தால்தான் கசாப்புக் கடைக்குப் போகிறது என்று சுவாமிஜி திருப்பிக் கேட்டார். வந்தவர் திகைத்தார். அதே ஆண்டு சுவாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணத்தில் இறங்கினார்; பசி தீர்ந்ததும் திரும்பிவிடாமல், அநாதைக் குழந்தைகளைத் தம்முடன் வைத்து வளர்த்தார். கர்மக் கொள்கை தன் வாழ்வைத் தானே பார்ப்பதற்கு உதவும் கண்ணாடி. சுனாமியில் மகனை இழந்த தாயிடம் அதை நீட்டுவது கல்நெஞ்சம் அன்றி வேறில்லை. ‘மறந்துவிடு’ என்று ஆறுதல் சொல்வோரும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை.

மறக்கவும் முடியாது, சுமக்கவும் முடியாது என்றால் பிள்ளை என்னதான் செய்வான்? இதற்கு மகாபாரதத்தின் ஆதிபருவத்தை மீண்டும் ஒருமுறை படிக்கலாம். பரீட்சித்து மன்னன் சமீக முனிவரின் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டான். அவமானப்பட்டவர் சமீகர், அவர் கோபம் கொள்ளவே இல்லை. ஆனால் அவருடைய மகன் சிருங்கி பொறுக்கவில்லை. தட்சகன் தீண்டி ஏழு நாட்களில் மன்னன் மாள்வான் என்று சபித்தான். சபித்த மகனைத் தந்தை கண்டித்தார். பட்டவர் விட்டுவிட்ட வலியை மகன் எடுத்துக்கொண்டான்!

பரீட்சித்து இறந்தபோது அவன் மகன் ஜனமேஜயன் சிறுவன். பின்னாளில் உத்தங்கர் அவனிடம் வந்து தட்சகனைப் பழி வாங்கத் தூண்டுகிறார். உத்தங்கருக்குத் தட்சகன்மேல் சொந்தப் பகை இருந்தது. குண்டலங்களைத் தட்சகன் திருடிய பகை அது. அமைச்சர்கள் தந்தை இறந்த விதத்தை விவரிக்கிறார்கள். கேட்ட ஜனமேஜயன் பாம்புகளையெல்லாம் எரிக்கும் சர்ப்ப யாகத்தைத் தொடங்குகிறான். தந்தையைத் தீண்டியது ஒரு பாம்பு. தீயில் விழுந்தவை கணக்கற்றவை.

அதே வேளையில் நாகலோகத்தில் இன்னொரு மகனும் ஒரு பழங்கதையைக் கேட்கிறான். பாம்புகளின் தாயான கத்ரு, தன் சொல்லுக்கு உடன்படாத பிள்ளைகளையே யாகத் தீயில் எரியுமாறு சபித்திருந்தாள். அச்சாபத்தையும், தான் ஒரு முனிவருக்கு மணமுடிக்கப்பட்டதன் காரணத்தையும் ஆஸ்திகரின் தாய் மகனுக்கு எடுத்துரைக்கிறாள். அவள் எதையும் மறைக்கவில்லை. பழி தீர்க்கச் சொல்லவும் இல்லை. ஆஸ்திகர் வேள்விச்சாலைக்குச் சென்று ஜனமேஜயனைப் புகழ்ந்து, யாகத்தை நிறுத்துமாறு வரம் பெறுகிறார். தட்சகன் தீயில் விழாமல் நடுவானில் நிற்கிறான். இருவருக்கும் முன்னோரின் துயரம் சொல்லப்பட்டது. சொன்னவர்களின் உள்ளத்தில் இருந்ததே கேட்டவர்களின் கையில் செயலாயிற்று. அந்த யாகத்தின் இடைவேளைகளில் வைசம்பாயனர் ஜனமேஜயனுக்கு மகாபாரதம் முழுவதையும் சொன்னார் என்பதும் கவனிக்கத்தக்கது. அதில் அவன் குலத்தவர் காண்டவ வனத்தை எரித்ததும், தட்சகனின் இல்லம் அங்கே அழிந்ததும் வருகின்றன. தன் காயத்தை மட்டும் அறிந்திருந்தவன், தன் முன்னோர் பிறருக்குச் செய்த காயத்தையும் கேட்டான்.

பிரிவினைக்குப் பின் பிறந்த ஊர்வசி புட்டாலியா, 1984-இல் தில்லியில் சீக்கியர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது நிவாரணப் பணியில் ஈடுபட்டார். அப்போது முதியவர்கள் 1947-ஐ நினைவுகூர்வதைக் கேட்டார். அதற்குமுன் அக்கதைகள் அவர் வீட்டில் பேசப்படாதவை அல்ல; அவர்தாம் செவி கொடுத்ததில்லை. அவருடைய தாய்மாமன் பாகிஸ்தானிலேயே தங்கி, மதம் மாறி, பாட்டியையும் தம்முடன் வைத்துக்கொண்டவர். அதனால் குடும்பம் அவரைக் கசப்புடன் ஒதுக்கியிருந்தது. புட்டாலியா 1987-இல் லாகூர் சென்று மாமனைச் சந்தித்தார்; பலரிடமும் இவ்வாறு கேட்டவற்றை 1998-இல் நூலாக்கினார். எல்லாம் ஆறிவிட்டது என்று அந்நூல் கூறவில்லை. அவர் தம் தாயையும் லாகூருக்கு அழைத்துச் சென்றார். நாற்பது ஆண்டுகளாக முகம் காணாத உடன்பிறப்புகள் இருவரும் ஒரே அறையில் அமர்ந்து பேசினர்.